கல்லுக்குப் பக்கத்தில் எதை வைப்பது? கூழாங்கல், எலும்பு, சங்கு, காய்: ஓர் ஒப்பீடு

கல் வந்துவிட்டது. உளி, சுத்தியல், அரம், உப்புத்தாள் எல்லாம் தயார். என்ன செதுக்குவது என்றுதான் தெரியவில்லை. இந்த இடத்தில் முழித்துக்கொண்டு நிற்பவருக்கு எல்லாரும் சொல்வது, "இயற்கையைப் பார்" என்பது. சரி, பார்த்தாயிற்று. போகிற வழியில் பொறுக்கிய கூழாங்கல் ஒன்று, ஆட்டின் கணுக்கால் எலும்பு ஒன்று, சங்கு இரண்டு, பைன் மரத்துக் காய், காய்ந்து சுருண்ட இலை, தண்ணீர் அடித்து ஒதுக்கிய வேர்த்துண்டு என்று மேசை நிறைந்துவிட்டது. எல்லாமே அழகாகத்தான் இருக்கின்றன. அதனாலேயே அழகை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிவதில்லை.

நான் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஒரே கேள்வியைக் கேட்பேன்: இது தேய்ந்து இந்த உருவத்துக்கு வந்ததா, வளர்ந்து வந்ததா? கூழாங்கல் தேய்ந்தது. எலும்பு, சங்கு, காய், இலை எல்லாம் வளர்ந்தவை. உளியின் வேலையும் தேய்மானத்தின் வேலைதான். அதற்கு எடுக்கத் தெரியும், சேர்க்கத் தெரியாது. தேய்ந்த பொருளில் மெல்லிய விளிம்போ நீட்டிக்கொண்டிருக்கும் முனையோ இருக்காது. இருந்தவை எப்போதோ உடைந்து போயிருக்கும். ஆக, அது காட்டும் உருவத்தைக் கல் தாங்கும். வளர்ந்த பொருளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

இந்தக் கேள்வி முன்பே தோன்றியிருந்தால் ஒரு நல்ல பளிங்குத்துண்டு என் கையில் பாழாகியிருக்காது.

முழுச் சங்கு

நான் செதுக்கிய இரண்டாவது கல் அது. வாய் அகன்று, விளிம்பு வெளியே மலர்ந்த ஒரு சங்கை மாதிரியாக வைத்து, இரண்டு மடங்கு பெரிதாக வெள்ளைப் பளிங்கில் செய்ய இறங்கினேன். சுருள் நன்றாகவே வந்தது. விளிம்பை மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவந்து விளக்கில் பிடித்தபோது வெளிச்சம் மஞ்சளாக ஊடுருவியது. அதில் மயங்கி, இன்னும் கொஞ்சம் என்று உப்புத்தாளை எடுத்தேன். உளி படவில்லை, சுத்தியல் படவில்லை. கட்டைவிரல் அழுத்தியதற்கே 'டிக்' என்று ஒரு சத்தம். நகத்தளவுச் சில்லு ஒன்று உப்புத்தாளோடு வந்துவிட்டது. அதைச் சமன்செய்யப் போய் விளிம்பு சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனது. சங்கு கிண்ணமாகிவிட்டது.

இத்தனைக்கும் சங்கும் பளிங்கும் பொருளால் ஒன்றுதான். இரண்டும் கால்சியம் கார்பனேட். கட்டுமானம்தான் வேறு. சங்கின் சுவரில் நுண்ணிய தகடுகள் ஓர் அடுக்கில் ஒரு பக்கமாகவும் அடுத்த அடுக்கில் குறுக்காகவும் அடுக்கப்பட்டிருக்கின்றன. இடையிடையே மிக மெல்லிய புரதப் படலம் ஒட்டுப்பொருளாக இருக்கிறது. ஒரு விரிசல் கிளம்பினால் ஒவ்வோர் அடுக்கிலும் திசை மாறித் திணறி நின்றுபோகும். பளிங்கிலோ படிகமணிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கின்றன, அவ்வளவுதான். விரிசலை வழிமறிக்க அங்கே ஒன்றும் இல்லை. பொதுவாகவே கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பையும் வளைப்பையும் தாங்காது. அழுத்தத்தில் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கை இழுப்பில் தாங்கினாலே பெரிது. விளிம்பை விரல் அழுத்தியபோது நான் கல்லை வளைத்துப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் விஷயம்.

சங்கின் சுருளைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டிலஸ் என்ற கடல்வாழ் உயிரியின் சுருண்ட மேலோட்டைக் காட்டி, இதில் பொன் விகிதம் (ஏறக்குறைய 1.618) இருக்கிறது என்பார்கள். அளந்தால் அப்படி வராது. நாட்டிலஸ் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 3 மடங்கு விரிகிறது. பொன் விகிதச் சுருளாக இருந்தால் 6.85 மடங்கு விரிய வேண்டும். செதுக்குகிறவருக்கு உதவுவது அந்தப் பெயரல்ல. எந்தச் சுற்றை எடுத்தாலும் அடுத்த சுற்று அதே மடங்கில்தான் வளர்ந்திருக்கும் என்பதுதான் உதவும். கையில் இருக்கும் சங்கின் இரண்டு சுற்றை அளந்துகொண்டால் மீதியை நீங்களே கல்லில் வரைந்துவிடலாம். அளவெடுக்க இவ்வளவு தோதான பொருள், மெல்லிய சுவரால் கைவிட வேண்டியதாகிறது. முழுச் சங்கை முதல் ஐந்தாறு கல்லுக்கு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கூழாங்கல்

இது நேர் எதிர்முனை. சிற்பிகளிடையே ஒரு பழைய பேச்சு உண்டு: மலைமேலிருந்து உருட்டிவிட்டாலும் முக்கியமான எதுவும் உடையாமல் வந்துசேர்ந்தால் அது நல்ல கற்சிற்பம். ஆறு அந்தச் சோதனையை நடத்தி முடித்துவிட்டுத்தான் கூழாங்கல்லை நம் கையில் தருகிறது. கல்லில் செய்து உடைந்துபோகும் என்ற பயமே வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. கூழாங்கல் ஏற்கெனவே முடிந்துபோன வேலை. அதை அப்படியே பெரிதாக்கினால் பெரிய கூழாங்கல்தான் கிடைக்கும். சிற்பி பிராங்குசி 1920 வாக்கில் பளிங்கில் செய்த 'உலகின் தொடக்கம்' வெறும் முட்டை வடிவம்தான். பார்த்தால் யாரும் செய்துவிடலாம் போலிருக்கும். மடிப்பு கிடையாது, மூலை கிடையாது, தவறை ஒளித்துவைக்க இடமே கிடையாது. ஓர் இடத்தில் லேசாகத் தட்டையாகிவிட்டால் விளக்கின் ஒளி அங்கே தடுக்கும். எளிது என்று நம்பி இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் தேய்ந்த சோப்புக்கட்டி ஒன்றோடு எழுந்திருக்கிறார்கள். நானும் ஒரு சோப்புக்கட்டி வைத்திருக்கிறேன், கதவுக்கு முட்டுக்கொடுக்க.

இன்னொரு சிக்கல், அளவு. ஐந்து சென்டிமீட்டர்க் கல்லில் கைக்கு உருண்டையாகத் தெரியும் பக்கம், முப்பது சென்டிமீட்டரில் சப்பையாகத் தெரியும். பெரிதாக்கும்போது புடைப்பைக் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும். அளவுகோல் சொல்வதைக் கேட்காமல் கண் சொல்வதைக் கேட்க வேண்டிய இடம் இது.

கூழாங்கல்தான் வேண்டும் என்றால் ஏதாவது நடந்திருக்கும் கல்லாகப் பாருங்கள்: ஒரு பக்கம் பள்ளம் விழுந்தது, குறுக்கே வெள்ளை ரேகை ஓடியது, ஓட்டை விழுந்தது. ஆங்கிலச் சிற்பிகள் ஹென்றி மூரும் பார்பரா ஹெப்வொர்த்தும் 1930, 1931 கோடைகளில் இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் இரும்புச்சத்துள்ள கூழாங்கற்களைப் பொறுக்கி, அந்தக் கற்களிலேயே செதுக்கினார்கள். அந்த வருடங்களை ஒட்டித்தான் இருவருமே கல்லை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் துளைக்கத் தொடங்கினார்கள்.

ஓட்டை என்றதும் சீனாவின் தாய் ஏரிக் கற்கள் நினைவுக்கு வருகின்றன. தண்ணீர் அரித்து ஓட்டையும் சுருக்கமுமாகக் கிடக்கும் சுண்ணாம்புக் கற்களை அந்நாட்டு அறிஞர்கள் தோட்டத்திலும் எழுதும் மேசையிலும் வைத்துப் பார்த்தார்கள். கிராக்கி ஏறியதும் சிலர் உளியால் ஓட்டை போட்டு, கல்லைத் திரும்ப ஏரிக்குள்ளேயே இறக்கிவிட்டார்களாம், அலை வந்து உளித்தடத்தை அழிக்கட்டும் என்று. உளியும் அலையும் ஒரே வேலையைத்தான் பார்க்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

எலும்பு

வளர்ந்த பொருள்களில் கல்லுக்கு மிக அருகில் வருவது எலும்புதான். ஆனால் எந்த எலும்பு என்பதில் எல்லாம் இருக்கிறது.

மூரின் பெயரைச் சொல்லாமல் எலும்பைப் பற்றிப் பேச முடியாது. பெரி கிரீன் என்ற சிற்றூரில் இருந்த அவருடைய வேலைக்கூடத்தில் அலமாரி அலமாரியாக எலும்பும் சிக்கிமுக்கிக் கல்லும் கிளிஞ்சலும் அடுக்கியிருக்கும். சின்ன எலும்புத் துண்டோடு சாந்தோ களிமண்ணோ சேர்த்து ஒரு தலை, ஒரு கால் என்று வளர்த்துப் பார்ப்பார். 1961-இல் வந்த, கத்திமுனை போன்ற விளிம்புள்ள நின்ற உருவம் ஒரு பறவை எலும்பிலிருந்து பிறந்தது. அந்தப் படத்தைக் காட்டி, இதைக் கல்லில் செய்யலாமா என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அது வெண்கலம். பறவை எலும்பு பறப்பதற்காக மெலிந்த எலும்பு. அந்த மெலிவை உலோகம் தாங்கும். கல்லில் செய்தால் என் சங்கு விளிம்புக்கு நேர்ந்ததுதான் நேரும்.

நீண்ட கால் எலும்பும் அப்படித்தான். இரண்டு முனையிலும் கனம், நடுவில் ஒடுக்கம். எலும்புக்குள் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் அந்த ஒடுக்கத்தைக் காப்பாற்றுகிறது. கல்லில் நார் கிடையாது. முதுகெலும்புக் கண்ணி பார்க்கப் பிரமாதம், ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முட்களை வெட்டிவிட்டுப் பார்த்தால்தான் கல்லில் எது மிஞ்சும் என்பது தெரியும்.

நான் கைகாட்டுவது கணுக்கால் எலும்பை. ஆட்டுக்கு இது ஒரு நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பல நாடுகளில் பழங்காலத்திலிருந்தே இதைப் பகடைபோல உருட்டி விளையாடியிருக்கிறார்கள், அவ்வளவு கட்டுக்கோப்பான உருவம். ஒரு பக்கம் கப்பிபோல நடுவில் பள்ளம் ஓடுகிறது. திருப்பினால் வேறொரு பள்ளம், சற்றுச் சாய்வாக. இன்னொரு பக்கம் காதுமடல்போல ஒரு குழிவு. மெல்லிய இடம் ஒன்றுகூட இல்லை. அதே நேரத்தில் இரண்டு பக்கம் ஒன்றுபோல் இல்லை. கூழாங்கல்லில் இல்லாத சுவாரசியமும் சங்கில் இல்லாத திடமும் சேர்ந்த பொருள். அரத்தால் குழிவுகளை எடுக்கப் பழகுவதற்கும் இதுவே நல்ல பாடம், ஏனென்றால் குதிரைச் சேணம்போல ஒரு திசையில் ஏறி மறுதிசையில் இறங்கும் பரப்புகள் இதில் நிறைய. அவைதான் கல்லில் செய்யக் கடினம், செய்துவிட்டால் ஒளி அவற்றின் மேல் அழகாக வழுக்கிப் போகும்.

காய், இலை, வேர்

பைன் காயைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் விரிந்த காயைத்தான் எடுத்துவருவார்கள். அதில் ஒவ்வொரு செதிலுக்கும் அடியில் உளி நுழைய முடியாத சந்து இருக்கும். விட்டுவிடாதீர்கள், ஒரு தந்திரம் இருக்கிறது. காயைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுக் காத்திருங்கள். செதில்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். மூடிய காயில் சந்துகள் இல்லை. சாய்சதுரங்கள் ஒன்றையொன்று தழுவி மேலேறும் வலை மட்டும்தான் தெரியும். அதைக் கல் தாராளமாகத் தாங்கும்.

கல்லில் கோடு போடும்போதுதான் கணக்கு இடிக்கும். செதில்களின் சுருள்வரிசை பெரும்பாலும் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 13 என்று போகும். சில காய்களில் 5, 8. உங்கள் காயில் எத்தனை என்று எண்ணி, ஒவ்வொரு வரிசையையும் சாக்குக்கட்டியால் நிறம்மாற்றி வரைந்துகொண்டு கல்லுக்குப் போங்கள். உத்தேசமாகப் போட்டால் பின்பக்கம் வரும்போது வரிசைகள் ஒன்றையொன்று சந்திக்காது. அப்புறம் அங்கே ஒரு ஒட்டுப்போட்ட மாதிரித் தழும்பு கடைசிவரை இருக்கும். பொறுமை உள்ளவர்களுக்குக் காய் நல்ல தேர்வு. எனக்கு அந்தப் பொறுமை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இலையைத் தனி உருவமாகச் செய்ய நினைக்காதீர்கள், புடைப்புச் சிற்பமாகச் செய்யுங்கள். பழைய கிரேக்க, ரோமானியக் கட்டடங்களின் கொரிந்தியத் தூண்களின் தலைப்பில் இருக்கும் அகாந்தஸ் என்ற செடியின் இலைகளைப் பார்த்தால் போதும். நுனி மட்டும் வெளியே மடங்கியிருக்கும், முதுகு முழுவதும் கல்லோடு ஒட்டியிருக்கும். அதனால்தான் இரண்டாயிரம் வருடம் கடந்தும் பல நிற்கின்றன.

வேர்த்துண்டு ரகம் ரகமாக ஆசைகாட்டும். ஆனால் அது மரநாரின் போக்கில் நீண்டு வளைந்த உருவம். சதுரக் கல்லிலிருந்து அதை எடுக்க முக்கால்வாசிக் கல்லைத் தூளாக்க வேண்டும். கடைசியில் பார்ப்பவர், "மரம்தானே?" என்று கேட்பார். நான் தாண்டிப் போய்விடுவேன்.

எதையும் வைக்காமல் கல்லையே பார்ப்பது

மாதிரியே வேண்டாம், கல் எதைச் சொல்கிறதோ அதைச் செய்யலாம் என்பதும் ஒரு வழி. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் இதற்கு உச்சம். பாறையின் நடுவே இயற்கையாக இருந்த பிளவைப் பல்லவர் காலச் சிற்பிகள் மூடவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அதையே ஆறாக்கி நாகர்களை நீந்தவிட்டார்கள். யானையும் முனிவரும் தேவரும் அந்தப் பிளவை நோக்கி வருகிறார்கள். அடியில் ஒரு மான் பின்னங்கால் குளம்பால் மூக்கைச் சொறிந்துகொள்கிறது. பிளவு இல்லாத பாறையில் இந்தச் சிற்பத்துக்குக் காரணமே இல்லை. சிற்பி இசாமு நோகுச்சியும் கடைசிக் காலத்தில் ஜப்பானின் முரேயில் இருந்தபடி பசால்ட் என்ற எரிமலைப் பாறைகளில் இதைத்தான் செய்தார். பாறையின் துருவேறிய தோலைப் பெரும்பாலும் அப்படியே விட்டு, சில இடங்களில் மட்டும் வெட்டி மெருகேற்றினார்.

தொடங்குகிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் அறுத்த சதுரக் கல். அது எதையும் சொல்லாது. மூலை உடைந்த கல்லோ, தோல் ஒட்டியிருக்கும் கல்லோ கிடைத்தால் இந்த வழியை நம்பலாம். ஒரு வாளி தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தபோது தெரியாத ரேகைகள் ஈரத்தில் கறுத்துத் தெரியும். வெடிப்பு இருந்தால் சுற்றிலும் காய்ந்த பிறகும் அந்தக் கோடு மட்டும் ஈரமாக நிற்கும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல கல் கணீர் என்று ஒலிக்கும், வெடிப்புள்ள கல் 'தொப்' என்று சொல்லும்.

கல்லின் சாதி

எந்தப் பொருள் என்பதைப் பாதி தீர்மானிப்பது எந்தக் கல் என்பதுதான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் மாக்கல்லின் முக்கியக் கனிமமான டால்க் 1, அலபாஸ்டர் என்ற மென்கல்லின் ஜிப்சம் 2, சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் 3. மாக்கல்லில் கணுக்கால் எலும்பின் குழிவுகளை அரத்தாலேயே எடுத்துவிடலாம். பளிங்கு மெல்லிய விளிம்பில் ஒளியை உள்ளே வாங்கும், அதனால்தான் அதில் ஆசை எல்லை மீறுகிறது. கருங்கல்லின் படிகங்கள் 6, 7 என்று போகும். அங்கே கூழாங்கல்போல மூடிய, கனத்த உருவம்தான் உங்களையும் உளியையும் காப்பாற்றும். மணற்கல்லில் மணிமணியாக உதிர்வதால் இலை நரம்புகள் நிற்காது.

தூசியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கருங்கல்லிலும் மணற்கல்லிலும் உள்ள குவார்ட்ஸ் தூள் நுரையீரலைக் கெடுக்கும். சில மாக்கற்களில் கல்நார் இழைகள் கலந்திருக்கும். நனைத்து இழையுங்கள், நுண்தூசியை வடிகட்டும் முகமூடி போடுங்கள். துணி கட்டிக்கொள்வது போதாது.

என் தேர்வு

முழுச் சங்கைக் கைவிட்ட பிறகும் அந்தச் சுருள் என்னை விடவில்லை. இரண்டு சங்கு என்று முதலில் சொன்னேன் அல்லவா, இரண்டாவது உடைந்த சங்கு. அலையில் எத்தனை நாள் உருண்டதோ தெரியாது, வெளிச்சுவர் பாதி போய்விட்டது. உள்ளே இருக்கும் நடுத்தண்டு, பிழிந்து முறுக்கிய துணிபோல மேலே திருகிக்கொண்டு போகிறது. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மூடிய உருண்டை. கால்வாசி திருப்பினால் திறந்து தண்டு தெரிகிறது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் இரண்டு சுற்றுக்கு நடுவே ஒரு துளை, அதன் வழியாக எதிர்ப்பக்கத்து வெளிச்சம். ஓரங்கள் எல்லாம் மழுங்கி, சுண்டுவிரல் கனத்துக்கு வந்துவிட்டன. இனி உடைய அதில் ஒன்றும் மிச்சமில்லை. இது வளர்ந்து, பிறகு தேய்ந்த பொருள். வளர்ச்சி சுருளைத் தந்தது, அலை வேண்டாததை எடுத்துவிட்டது. எனக்குப் பார்த்தவற்றில் இதுதான் முதலிடம். கணுக்கால் எலும்பு இரண்டாமிடம்.

தேர்ந்தெடுத்ததைக் கல்லுக்குக் கொண்டுபோகுமுன் களிமண்ணில் ஒருமுறை செய்துவிடுங்கள், அதையும் கல்லின் பாதி அளவிலாவது. பாதி உயரம் என்றால் எட்டில் ஒரு பங்கு களிமண்தான், அலுப்பாக இருக்காது. இருட்டில் ஒரே விளக்கை வைத்துக் களிமண் உருவத்தை மெல்லச் சுற்றுங்கள். நிழல் எங்கே சட்டென்று அறுபடுகிறது, எங்கே நகர்ந்து போகிறது என்று பாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தடவுங்கள். கண் ஏமாறிய தட்டையைக் கை பிடித்துவிடும். உருவம் எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கத்தைக் கல்லின் படிவு அடுக்குகளோடு ஒத்துப்போகும்படி வையுங்கள். கல்லின் எடையையும் மறக்க வேண்டாம். 20 × 20 × 30 செ.மீ. பளிங்கு ஏறக்குறைய 32 கிலோ. சிறியதாகத் தெரியும் கல்லைத் தனியாளாகத் தூக்கித் திருப்பப் பார்த்து முதுகைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு.

என் மேசையில் இப்போது உடைந்த சங்குக்குப் பக்கத்தில் மூன்று களிமண் உருவங்கள் காய்கின்றன. முதலாவதில் துளையை முழுக்கப் போட்டுவிட்டேன், தண்டு மெலிந்து தள்ளாடுகிறது. இரண்டாவதில் துளையே இல்லை, உருவம் மூச்சுமுட்டி நிற்கிறது. மூன்றாவதில் இரண்டு பக்கமும் ஆழமாகக் குழித்து, நடுவில் ஒரு விரல் கனத்தை விட்டுவைத்திருக்கிறேன். கல்லிலும் அப்படியே தொடங்குவதாக இருக்கிறேன். உளி அந்த விரல் கனம்வரை போய்ச் சேரும்போது துளைப்பதா வேண்டாமா என்று பார்த்துக்கொள்ளலாம்.